நாகர்கோவிலில் சக்கர நாற்காலியுடன் கிறிஸ்துமஸ் மாலை நடை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

இடுப்பெலும்பு முறிந்தபின் நடக்க இயலாத, 78 வயதான என் அம்மா, டிசம்பர் 24 மாலை, 1893இல் திறக்கப்பட்ட மணிக்கூண்டிலிருந்து, 1819இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹோம் சர்ச் வரை, நட்சத்திர விளக்குகளைப் பார்த்தபடியே போக விரும்புகிறார்.

சென்ற ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு ஒத்திகை பார்த்தோம். நாற்காலி மடக்கக்கூடியது, அகலம் 26 அங்குலம், பின்சக்கரம் 24 அங்குலம். முன்சக்கரங்கள் மிகச் சிறியவை என்பதால், ஓடையை மூடிய இரண்டு சிலாப்புகளுக்கு இடையிலிருந்த இடுக்கில் ஒன்று இறங்கிச் சிக்கிக்கொள்ள, வழியில் வந்த இரு இளைஞர்கள்தான் அம்மாவோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். சாலையில் இறக்கித் தள்ளினால் பேருந்து முதுகில் மூச்சு விடுகிறது. மறுநாள் ஆட்டோவில் முயன்றோம், நாற்காலி உள்ளே நுழையவில்லை. காரில் சுற்றிக் காட்டியபோது, கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்குத் தொலைக்காட்சியே போதும் என்று அம்மா சொல்லிவிட்டார், அதுவும் நியாயம்தான். கோட்டாறு பேராலயத்தில் புனித தேவசகாயம் கல்லறைக்குத் தனியாக வேறொரு நாள் அழைத்துச் செல்வோம்.

மணிக்கூண்டிலிருந்து ஹோம் சர்ச்சுக்கு, ஓடைச் சிலாப்பின் மேல் ஏறாமல், டிசம்பர் 24 மாலை ஏழு மணியளவில் 26 அங்குல நாற்காலியைத் தள்ளிச் செல்லக்கூடிய உள்தெரு எது?