தம்பிக்குப் போன் செய்கிறவர்களுக்கு

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். தம்பிக்கு வந்திருப்பது கிளியோபிளாஸ்டோமா, மூளைப் புற்றுக்கட்டியில் நான்காம் தரம் (கிரேடு 4). அறுவை சிகிச்சையில் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டார்கள். அறுகம்புல் வேர் மாதிரி சுற்றிலும் ஊடுருவுகிற கட்டி, முழுக்க எடுக்க வராது. இப்போது கதிர்வீச்சு, வாரம் 5 நாள் வீதம் 6 வாரம். கூடவே தினமும் வெறும் வயிற்றில் டெமோசோலோமைடு என்கிற கீமோ மாத்திரை. வாழ்நாளைக் கூட்டித் தரும், குணமாக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வீக்கத்துக்கு ஸ்டீராய்டு. அதனால் தூக்கமில்லை, அகோரப் பசி. ராத்திரி 2 மணிக்கு எழுந்து பழைய சோறு கேட்கிறான்.

கட்டி இடது பக்கம் என்பதால் பேச்சில் வார்த்தை மாறுகிறது. நேற்று கரண்டியைக் காட்டி, "அந்தச் சாவியை எடு" என்றான். அவன் மகள் திருத்தியதும் முகம் வாடிவிட்டது. நான் பேசாமல் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "குழம்பு அள்ளுவோமே, அது" என்றான். அதனால் போனில் யாரும் வார்த்தை எடுத்துக்கொடுக்க வேண்டாம். அவன் தேடட்டும், காத்திருங்கள். போனை அவன் மனைவியிடம் கொடுக்கச் சொல்லி அவனைப் பற்றி விசாரிக்காதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

பரம்பரை நோயா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். இது பரம்பரையாக வருவது மிக அபூர்வம். மகளுக்கு வரன் பார்க்கும் நேரம், தயவுசெய்து இந்தப் பேச்சைக் கிளப்ப வேண்டாம்.

சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. எல்பிஏ பத்திரத்தை இப்போதே எழுதிவையுங்கள். நமக்கு முடிவெடுக்கும் தெளிவு போய்விட்டால், நம் பணத்தையும் பராமரிப்பையும் யார் பார்ப்பது என்று சொல்கிற பத்திரம். புரிந்துதான் கையெழுத்திடுகிறோமா என்று டாக்டரோ வக்கீலோ நம்மிடம் பேசிப் பார்த்துச் சான்று தர வேண்டும். தம்பி தெளிவாக இருந்த ஒரு காலையில் முடித்துவிட்டோம். ஒரு மாதம் தள்ளியிருந்தால் முடிந்திருக்காது என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

வசூல் செய்யலாமா என்று சங்கத்தில் கேட்டீர்கள். மெடிஷீல்டு காப்பீடும் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் பெரும்பகுதியைத் தாங்குகின்றன, இப்போதைக்கு வேண்டாம். ஆள்தான் வேண்டும். தம்பி மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டார். செவ்வாயும் வியாழனும் எனக்கு ஷிப்ட். அந்த இரண்டு நாளும் பிற்பகல் 2 மணிக்கு அவனோடு கதிர்வீச்சுக்கு அவுட்ரம் ஆஸ்பத்திரி வரை போய்வர யாரால் முடியும்? இதிலேயே பதில் எழுதுங்கள்.

அக்கா