நெய்மார்: வலி தாங்காத ஆளா, வலியோட ஆடுற ஆளா?

கோல்கம்பம் (கேள்வி)

பிரேசில் ஃபுட்பால் ஆட்டக்காரர் நெய்மார் பேச்சை எடுத்தாலே ரெண்டு கட்சி ஆயிடுது. ஒரு கட்சிக்கு அவர் தொட்டா விழுற ஆளு. பெரிய மேட்ச்னா காயம்னு ஒதுங்குவார், மார்ச் 11 தங்கச்சி பிறந்தநாள்னா கேக்கவே வேண்டாம். இன்னொரு கட்சிக்கு அவர் உதை வாங்கியே உடைஞ்ச மனுஷன். 2014ல முதுகெலும்பு, 2018லயும் 2019லயும் பாத எலும்பு, 2022ல கணுக்கால், 2023ல முழங்கால். இதுல எதை வெச்சு ஒருத்தரோட மனவுறுதியை அளக்குறது? ரசிகர் சண்டை வேண்டாம். காயம் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓரக்கோடு

காயத்தை ஒண்ணொண்ணா பிரிச்சுப் பார்க்கணும் ப்ரோ.

2018 பிப்ரவரி 25, பாரிஸ் கிளப் பிஎஸ்ஜிக்காக அவர் ஆடின மார்செய் மேட்ச். வலது கால் ஐந்தாவது மெட்டாடார்சல்ல விரிசல், கூடவே கணுக்கால் சுளுக்கு. சுண்டு விரலுக்குப் பின்னாடி பாதத்தோட வெளிவிளிம்புல இருக்குற எலும்பு அது. ஓடிக்கிட்டே சட்டுனு வெட்டித் திரும்பும்போது பாரம் அங்கதான் இறங்கும். ஆனா எலும்போட அடிப்பகுதி தண்டோட சேர்ற இடத்துல ரத்த ஓட்டம் கம்மி. அங்க விரிசல் விட்டா, கட்டுப் போட்டு வெச்சாலும் சேராம போறதும், சேர்ந்த மாதிரி தெரிஞ்சு மறுபடி விடுறதும் சகஜம். அதனாலதான் ஆட்டக்காரங்களுக்குப் பெரும்பாலும் எலும்புக்குள்ள நீளவாக்குல ஸ்க்ரூ இறக்கிடுவாங்க.

சாம்பியன்ஸ் லீக்ல ரியல் மாட்ரிட்கூட இரண்டாவது லெக் (ரெண்டு மேட்ச் மோதல்ல ரெண்டாவது) மார்ச் 6. அதாவது 9 நாள்ல. 9 நாள்ல எந்த எலும்பும் ஒட்டாது. மார்ச் 3ல பிரேசில்ல ஆபரேஷன், ஜூன் 3ல ஆன்ஃபீல்டுல குரோஷியாவுக்கு எதிரா மாற்று ஆளா இறங்கி கோல். சரியா மூணு மாசம், ஒழுங்கான கணக்கு. உலகக்கோப்பைக்காக கிளப்பைக் கைவிட்டார்னு சொன்னவங்க காலண்டரைப் பார்க்கல.

2019 ஜனவரி 23, ஸ்ட்ராஸ்பூர்க் மேட்ச்ல அதே எலும்பு. இந்தத் தடவை ஆபரேஷன் இல்லாம ஓய்வு. திரும்பி வந்தது ஏப்ரல் 21. நடுவுல மான்செஸ்டர் யுனைடெட் லெக் ரெண்டும் போச்சு. ஒரே எலும்பு ரெண்டாவது தடவை விட்டா பாதத்தோட வளைவு, ஸ்டட் (பூட்டோட அடிக் குமிழ்) அழுத்துற இடம், முதல் தடவை எலும்பு எவ்வளவு கூடியிருந்துச்சு, இதையெல்லாம்தான் பார்க்கணும். தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

பழையபந்து

எலும்பு சமாச்சாரம் சரி. ஆனா 2018 ரஷ்யா உலகக்கோப்பையில தரையில உருண்டதுக்கு எந்த எக்ஸ்ரே காட்டுவீங்க? மெக்சிகோ மேட்ச் வரைக்கும் மொத்தம் கிட்டத்தட்ட 14 நிமிஷம் தரையில கிடந்தார்னு ஸ்விஸ் டிவி கணக்கு போட்டுச்சு. அதே போட்டியில ஸ்விட்சர்லாந்து மேட்ச்ல அவர்மேல 10 ஃபவுல். 1998ல ஷியரர்மேல 11க்கு அப்புறம் உலகக்கோப்பையில ஒரே மேட்ச்ல அதுதான் அதிகம். அடி நிஜம்தான், ஒத்துக்கிறேன். அதான் கடுப்பே. நிஜமா இவ்வளவு அடி வாங்குறவர் எதுக்கு நடிக்கணும்? மெக்சிகோவோட லாயூன் கோட்டுக்கு வெளியே கணுக்கால்மேல மிதிச்சது கேமராவுல தெளிவா இருக்கு. ஆனா இவர் துடிச்ச துடிப்புல மிதிச்சவன் தப்பிச்சான், சிரிப்பு மொத்தமும் இவர்மேல.

2019ல காயத்துல இருக்கும்போதே பாரிஸ்ல பெரிய பிறந்தநாள் பார்ட்டி வேற. எலும்புக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஆனா ஆளில்லாம ஆடுற டீம் அதைப் பார்த்து என்ன நினைக்கும்?

ஸ்ட்ராப்பிங்

உருளுறது வேற, வலியோட ஆடுறது வேற. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்கலாம்.

2022 நவம்பர் 24, கத்தார் உலகக்கோப்பையில செர்பியா மேட்ச். 9 ஃபவுல். வலது கணுக்கால் திரும்பின பிறகும் கொஞ்ச நேரம் ஆடிட்டு, 80வது நிமிஷம் வாக்குலதான் வெளியே வந்தார். பெஞ்சுல உக்காரும்போதே வீக்கம் டிவியில தெரிஞ்சுது. டிசம்பர் 5ல கொரியாவுக்கு எதிரா ஆடி பெனால்டி போட்டார், 9ல குரோஷியாவுக்கு எதிரா எக்ஸ்ட்ரா டைம்ல ஒரு கோல்.

கணுக்கால் வெளிப்பக்க லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்குற நார்) காயத்துல 11 நாள்னா ரொம்பக் குறுகின காலம். ஐஸ், அழுத்துக் கட்டு, காலைத் தூக்கி வெச்சிருக்கிறது, நாள் முழுக்க பிசியோன்னு வீக்கத்தை இறக்கலாம். இறுக்கமா டேப் போட்டு மூட்டு பக்கவாட்டுல போகாம தடுக்கலாம். ஆனா லிகமென்ட் அதுக்குள்ள பழைய விறைப்புக்கு வராது. நீண்டபடியே ஆறினா மூட்டு தளர்ந்துபோயி மறுபடி மறுபடி திரும்பும். அதேதான் நடந்துச்சு: 2023 பிப்ரவரியில லில் மேட்ச்ல அதே கணுக்கால். சில வருஷமாவே அந்த மூட்டு நிலையா இல்லைன்னு பிஎஸ்ஜியே அறிக்கை விட்டு, லிகமென்ட் ஆபரேஷனுக்கு அனுப்பி, சீசனை முடிச்சுவிட்டாங்க. வலியைத் தாங்கினதுக்குக் கிடைச்ச பில் இது.

மூன்றாம்மாற்று

எப்பவும் ஆடித்தான் ஆகணும்னு சொல்றவங்களுக்கு 2014 லிஸ்பன் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். அட்லெடிகோ மாட்ரிட்டோட டியேகோ கோஸ்டாவுக்கு ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) காயம். பெல்கிரேடுக்குப் போயி குதிரை நஞ்சுக்கொடி வைத்தியம் வரைக்கும் பார்த்துட்டு வந்து இறங்கினார். 9வது நிமிஷத்துல வெளியே. அன்னிக்கு மொத்தமே 3 மாற்றுதான், எக்ஸ்ட்ரா டைம்ல கூடுதலா ஒண்ணும் கிடையாது. 93வது நிமிஷம் ரியல் மாட்ரிட்டோட ராமோஸ் சமன் பண்ணாரு. எக்ஸ்ட்ரா டைம்ல அட்லெடிகோவோட ஹுவான்ஃப்ரான் நொண்டிக்கிட்டே ஆடினார், மாத்த ஆள் இறக்க முடியல. அவர் பக்கமாதான் ரியலோட டி மரியா புகுந்தார். 4-1னு ரியல் ஜெயிச்சுது. முடியாதுன்னா முடியாதுன்னு கோச்கிட்ட சொல்றதும் மனவுறுதிதான்.

கோல்கம்பம்

அப்போ சவுதி கிளப் அல் ஹிலால்ல நெய்மாருக்கு நடந்தது? ஒரு வருஷத்துக்கு மேல ஓய்வு எடுத்துட்டு வந்து ரெண்டாவது மேட்ச்லயே தசை போச்சே. ஒழுங்கா ரீஹேப் (காயத்துக்கு அப்புறமான மறுபயிற்சி) பண்ணலைன்னுதானே அர்த்தம்?

ஓரக்கோடு

அப்படி முடிவு கட்ட முடியாது பாஸ். 2023 அக்டோபர் 17, உருகுவே மேட்ச், இடது முழங்கால்ல ஏசிஎல்லும் (மூட்டை நிலையா பிடிக்குற லிகமென்ட்) மெனிஸ்கஸும் (எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற குருத்தெலும்பு) கிழிஞ்சுது. மெனிஸ்கஸைத் தைச்சா முதல் சில வாரம் முழங்காலை 90 டிகிரிக்கு மேல மடக்க விடமாட்டாங்க, முழு பாரமும் வைக்க விடமாட்டாங்க. அதுல தொடைத்தசை கரைஞ்சிடும். பிறகு நேர்கோட்டு ஓட்டம், அப்புறம் வெட்டித் திரும்புறது, கடைசியா டீமோட பயிற்சி. தொடை பலம் நல்ல காலோட ஒப்பிட்டா 90 சதவீதமாவது வரணும், ஒத்தைக்கால் தாவல் தூரமும் அதே மாதிரி. 9 மாசத்துக்கு முன்னாடி இறங்கினா மறுபடி கிழியுற ஆபத்து கூடும். இவர் எடுத்துக்கிட்டது ஒரு வருஷம்.

சிக்கல் வேற இடத்துல. டெஸ்ட் எல்லாம் முழங்காலுக்கு. ஹாம்ஸ்ட்ரிங்குக்கு வேண்டியது முழு வேக ஸ்பிரின்ட், அதுவும் களைச்ச காலோட. பயிற்சியில அதை முழுசா கொண்டுவர முடியாது. வாராவாரம் மேட்ச்ல 15 நிமிஷம், 30, 45ன்னு ஏத்திக்கிட்டே போகணும். அந்த சீசன் முதல் பாதியில அவரை சவுதி லீக்குக்குப் பதிவே பண்ணல. ஆட முடிஞ்சது ஆசிய சாம்பியன்ஸ் லீக் மட்டும். அக்டோபர் 21ல அல் ஐன், அடுத்தது நவம்பர் 4ல எஸ்தெக்லால். ரெண்டு வார இடைவெளி. அன்னிக்கு மாற்று ஆளா இறங்கி அரை மணி நேரத்துக்குள்ள தசையைப் பிடிச்சுக்கிட்டார். திட்டணும்னா அந்த அட்டவணையைத் திட்டுங்க.

பழையபந்து

அட்டவணை சரி. ஆட்ட பாணி? பந்தைக் காலடியில நிறுத்தி, ஆள் பக்கத்துல வர்ற வரைக்கும் காத்திருந்து கடைசி நொடியில தட்டுறது 20 வயசுல அழகு. ஏசிஎல் போனதுக்கு அப்புறம் 32 வயசுல, எதிராளி ஸ்டட் கணுக்கால்ல இறங்க அரை நொடி தாமதம் போதும். ரெண்டு தொடுதல்ல விட்டுட்டு நகர்ந்தா வர்ற உதை பாதியாவது குறையும். அந்தப் பழக்கத்தை மாத்துறதுக்கு டாக்டர் தேவையில்ல.