பழைய மெட்டுக்கும் காப்புரிமை உண்டா?

கேள்வி:
இசையமைத்தவர் இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன ஒரு மெட்டை வயலினில் வாசித்துப் பதிவேற்றினேன். தொடக்கத்தில் மட்டும் ஒரு இசைக்குழுவின் ஒலிப்பதிவிலிருந்து 20 நொடி சேர்த்தேன். 30 நொடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்று நண்பர் சொல்லியிருந்தார். ஒரு மணி நேரத்தில் அந்த 20 நொடியும் ஊமையாகிவிட்டது. மூன்று வாரம் பயிற்சி செய்து வாசித்தது. நான் செய்த தவறு என்ன?

பதில் 1:
30 நொடி விதி என்று எதுவும் கிடையாது. எத்தனையோ பேர் இதை நம்பி ஏமாறுகிறார்கள்.

பதில் 2:
ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுக் காப்புரிமை ஒப்பந்தப்படி, படைத்தவர் இறந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள் மெட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. பல நாடுகளில் அது 70. உங்கள் மெட்டு அதைத் தாண்டிவிட்டது, தாராளமாக வாசிக்கலாம். ஆனால் அந்த 20 நொடி அண்மையில் பதிவானது என்றால் அதன் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

அப்புறம், எந்தத் தாளைப் பார்த்து வாசித்தீர்கள்? அண்மையில் ஒருவர் புதிதாக அமைத்துக்கொடுத்த வடிவம் என்றால் அவருக்கும் உரிமை உண்டு.

கேட்டவர்:
பழைய அச்சுப் பிரதிதான். சரி, அந்த 20 நொடியையும் நானே வாசித்துச் சேர்க்கிறேன். என் பதிவுக்கு உரிமை வேண்டுமானால் எங்காவது பதிவு செய்ய வேண்டுமா?

பதில் 2:
வேண்டாம். ஒலிப்பதிவான அந்தக் கணமே அது உங்களுடையது. மூலக் கோப்பைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள்.