விபத்தும் "இடம்பெற்றது", தேரும் "இடம்பெற்றது": சரியா? உதவி தேவை

உட்துறைமுகம்:
திருகோணமலைப் பிரதேசச் செய்திகள் எழுதிப் பழகுகிறேன். எங்கட பத்திரிகைகளில் விபத்து, கூட்டம், விசாரணை, தேர் எல்லாமே "இடம்பெற்றது" என்றுதான் வருகிறது. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் "விபத்து எந்தப் பட்டியலில் இடம்பெற்றது?" என்று கேட்கிறார். இது பிழையா? இதைத் திருத்தித் தாருங்கோ:

"கிண்ணியாவில் நேற்று இடம்பெற்ற மோட்டார் சைக்கிள் விபத்தில் இருவர் காயமடைந்துள்ளனர். இவ்விபத்து நேற்று மாலை இடம்பெற்றுள்ளது. இது தொடர்பான விசாரணைகள் இடம்பெற்று வருகின்றன."

நிலாவெளிக்காற்று:
பிழை இல்லை, தம்பி. இலங்கைச் செய்தித் தமிழில் "நடந்தது" என்ற பொருளில் வேரூன்றிய சொல் அது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒன்றுக்குள் சேர்ந்திருப்பதற்கே வரும்: அணியில் இடம்பெற்றார், மலரில் கட்டுரை இடம்பெற்றது. கோணேசர் கோயிலைப் "பாடல் பெற்ற தலம்" என்கிறோமே, அந்தப் "பெறு"தான் இதிலும். பெறுவது இடம், அவ்வளவுதான்.

சிக்கல், இரண்டு பொருளும் ஒரே வசனத்தில் முட்டும்போது வரும். "நாடக விழாவில் இடம்பெற்ற சண்டை" என்றால் மேடையில் நடித்த சண்டையா, பார்வையாளர் பிடித்த சண்டையா? "-இல்" உருபுக்கு முன்னால் விழா, நூல், கண்காட்சி போல எதையாவது உள்ளடக்கும் பெயர் நின்றால் வினையை மாற்றுங்கோ. "வீதியில் இடம்பெற்ற விபத்து" என்பதில் அந்த மயக்கம் இல்லை.

மாற்றுச் சொல் இப்படிப் பிரியும். முன்கூட்டியே ஒழுங்குசெய்தது நடைபெறும்: கூட்டம், தேர்தல், திருவிழா. எதிர்பாராதது நிகழும். விளைவு ஏற்படும்: சேதம், தாமதம். அதைவிட நல்லது, நடந்ததற்கே உரிய வினையைப் போடுவது. 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை "இடம்பெறவில்லை", தாக்கியது. தேர் இழுக்கப்பட்டது, கொடி ஏறியது.

உங்கட பந்தி:

"கிண்ணியாவில் நேற்று மாலை மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் மோதியதில் இருவர் காயமடைந்தனர். பொலிஸார் விசாரிக்கின்றனர்."

17 சொல் 11 ஆகிவிட்டது, எது எதோடு மோதியது என்ற தகவலும் கூடியிருக்கு. முச்சக்கரவண்டி நான் உதாரணத்துக்குப் போட்டது. உண்மையில் மோதியது எது என்று கேட்டு எழுதுங்கோ. "இடம்பெற்ற விபத்து" என்று எழுதினால் அந்தக் கேள்வியே கேட்கத் தோன்றாது. இந்தச் சொல்லில் எனக்குள்ள பெரிய மனக்குறை அதுதான்.

தம்பலகாமத்து வயல்:
அண்ணை சொன்னதோடு ஒன்று. யார் செய்தது என்று உறுதியாகாத நேரத்தில் இந்த வினை கைகொடுக்கும். "இரு குழுவினரிடையே கைகலப்பு இடம்பெற்றது" என்றால் எவர் மேலும் பழி விழாது. "இன்ன குழு தாக்கியது" என்று எழுத ஆதாரம் வேணும். அதனால் அடியோடு விலக்க வேண்டாம்.

எழுத்தில் நான் அடிக்கடி திருத்துபவை:

"இடம்பெறப்பட்டது" கூடாது. இது செயப்படுபொருள் குன்றிய வினை, "படு" ஏறாது. சேர்த்தவரைச் சொல்ல வேண்டுமானால் "இடம்பெறச் செய்தார்".

வினையாக வரும்போது சேர்த்து எழுதுங்கோ. "இடம்" என்பதற்கு அடைமொழி இருந்தால் பிரியும்: "மூன்றாம் இடம் பெற்ற மாணவி".

"இடம்பெற்றக் கூட்டம்" என்று ஒற்று மிகாது. "இடம்பெற்ற கூட்டம்", "இடம்பெறாத கூட்டம்" என்பதே சரி.

"இடம்பெற்ற குடும்பங்கள்", "இடம்பெயர்ந்த குடும்பங்கள்" இரண்டையும் கவனமாகப் பாருங்கோ. எழுத்துப்பிழை திருத்தி இரண்டையும் சரியென்றே விடும். எங்கட மாவட்டத்தில் அந்தத் தவறு சின்னத் தவறில்லை.

உட்துறைமுகம்:
மிக்க நன்றி. "இடம்பெற்றது", "இடம்பெற்றுள்ளது" இரண்டில் எது? தலைப்பில் எப்படி?

நிலாவெளிக்காற்று:
"மாலை 4.30 மணிக்கு" என்று நேரம் சொல்லிவிட்டால் "-உள்ளது" தேவையில்லை, நேர் இறந்தகாலமே போதும். நேரம் சொல்லாமல், "இந்த வாரம் மூன்று விபத்துகள் இடம்பெற்றுள்ளன" என்று இன்றுவரை உள்ள நிலையைச் சொல்லும்போது பொருந்தும். பன்மைக்கு "-உள்ளன" மறவாதீங்கோ. தலைப்பில் இந்த வினையே வேண்டாம்: "கந்தளாயில் விபத்து, இருவர் காயம்".