அனெட்டா மருந்து ஏன் மறந்துபோனது?

ஆற்றுமுகம்:
1535 நவம்பர் நடுவிலிருந்து அடுத்த ஏப்ரல் நடு வரை பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்ட்டியேயின் கப்பல்கள் இன்றைய கியூபெக் நகரத்தருகே, ஸ்டாடகோனா ஊரை ஒட்டி உறைபனியில் சிக்கிக் கிடந்தன. 110 பேரில் 25 பேர் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் செத்தார்கள். மற்றவர்களைப் பிழைக்க வைத்தது, ஊர்த்தலைவர் டொன்னகோனாவின் மகன் டொமகாயா சொன்ன அனெட்டா மரம். அப்படியும் 1536 மே 3 அன்று தகப்பனையும் மகனையும் பிடித்துக் கப்பலேற்றினார் கார்ட்டியே. 1604-05 குளிர்காலத்தில் செயின்ட் க்ருவா தீவில் 79 பிரெஞ்சுக்காரர்களில் 35 பேர் அதே நோயில் மாண்டதற்கு வேர் அந்தக் கடத்தல்தான்.

மரவுரி:
ஒப்புக்கொள்ள மாட்டேன். செயின்ட் க்ருவா கிழக்கே கடலோரப் பகுதி. அங்கிருந்த பாசமக்வாடி மக்கள் பேசியது அல்கொன்கிய மொழி. அனெட்டா என்பது ஸ்டாடகோனா மக்கள் பேசிய இரோக்கிய மொழிச் சொல். அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்குப் புரியும்? ஸ்டாடகோனா மக்களோ அதற்குள் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையிலேயே இல்லை. மேலும், செயின்ட் க்ருவாவில் தங்கிய பிரெஞ்சுக்காரர்கள், தீவைச் சுற்றி ஆற்றில் பனிப்பாளங்கள் மிதந்ததால் கரைக்குப் போக வழியின்றி, விறகும் நல்ல தண்ணீரும் இல்லாமல், உப்பிட்ட இறைச்சியைத் தின்று கிடந்தார்கள். இடத்தேர்வே தவறு.

கொதிகலம்:
செய்முறையையும் பாருங்கள். டொமகாயா அனுப்பிய இரண்டு பெண்கள் கார்ட்டியேயுடன் போய்க் கிளைகளை ஒடித்துவந்தார்கள். பட்டையையும் இலையையும் வேகவைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தச் சாற்றைக் குடிக்க வேண்டும்; சக்கையை வீங்கிய கால்களில் வைத்துக் கட்ட வேண்டும். ஓக் மரமளவு பெரிய மரம் ஒன்று எட்டு நாளுக்குள் தீர்ந்தது. வெள்ளை சீடாரா, பால்சம் ஃபிரா என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். பசிய ஊசியிலையில் வைட்டமின் சி உண்டு, ஆனால் நெடுநேரம் கொதித்தால் அது சிதையும். சீடாரில் துஜோன் என்ற நச்சும் இருப்பதால் அளவு மீறக் கூடாது. ஆகவே வெறும் பெயர் போதாது. மரத்தை அடையாளம் காட்ட ஆள் வேண்டும்.

மரவுரி:
சரி, ஆனால் 1542-43இல் பிரெஞ்சுத் தளபதி ரொபர்வால் குளிர்காலத்தைக் கழித்தது கார்ட்டியே அதற்கு முந்தைய குளிர்காலத்தில் தங்கிய அதே கரையில். சுமார் 50 பேர் ஸ்கர்வியில் செத்தார்கள். இத்தனைக்கும் 1542 ஜூனில்தான் இருவரும் நியூஃபவுண்ட்லாந்தில் சந்தித்தார்கள். ஒரு பிரெஞ்சுத் தளபதியிடமிருந்து இன்னொருவருக்கே போகாத செய்தி அது! இதற்குக் கடத்தலைக் குறைசொல்வது எப்படி?

ஆற்றுமுகம்:
அந்தச் சந்திப்பில் என்ன நடந்தது? கனடாவுக்குத் திரும்பி வா என்றார் ரொபர்வால். கார்ட்டியே இரவோடிரவாகப் பிரான்சுக்கு நழுவினார். அது பிரெஞ்சுக்காரர்களின் பிழை, மறுக்கவில்லை. ஆனால் ரொபர்வால் ஊர்க்காரர்களிடம் ஏன் கேட்க முடியவில்லை? 1536இல் தகப்பனும் மகனும் உட்படப் பிரான்சுக்குக் கொண்டுபோன பத்துப் பேரில் 1541க்குள் ஒரு சிறுமி தவிர அனைவரும் இறந்திருந்தார்கள். 1541இல் ஸ்டாடகோனாவுக்குத் திரும்பிவந்த கார்ட்டியேயோ, டொன்னகோனா இறந்துவிட்டார், மற்றவர்கள் அங்கே பிரபுக்களாக வாழ்கிறார்கள் என்று புளுகினார். 1542இல் அவர் கிளம்பியபோது ஊரே பகையாயிருந்தது. 1536இல்கூட அவர் உண்மை சொல்லி மருந்து கேட்கவில்லை: ஆட்கள் நலிந்தது தெரிந்தால் தாக்குவார்கள் என்று பயந்து, வேலைக்காரன் ஒருவனுக்குத்தான் நோய் என்றார். அந்தப் பொய்க்கும் டொமகாயா மருந்தைத்தான் கொடுத்தார்.