கோலாலம்பூர் – பாங்காக்: நான்கு மணி நேர இடைவெளி போதுமா?

உறுப்பினர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரிலிருந்து பாங்காக் வான்வழியில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பறக்கும் நேரம் இரண்டு மணியைச் சற்றே தாண்டும். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியிருப்பதால், காலை 9.00 மணிக்குப் புறப்படும் விமானம் 10.10-க்கே இறங்குவதாகப் பயணச்சீட்டில் இருப்பதை என் தாயார் இன்னும் நம்பவில்லை. சிக்கல் அதுவன்று. நாங்கள் இறங்குவது நகரின் வடக்கே உள்ள டோன் முவாங்கில். தனிச் சீட்டில் சியாங் மாய்க்குப் பிற்பகல் 2.10 மணிக்கு ஏற வேண்டியதோ கிழக்கே உள்ள சுவர்ணபூமியில். குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, வார நாள் நெரிசலில் இரு விமான நிலையங்களுக்கும் இடையே ஓடும் இலவசப் பேருந்தை நம்பலாமா, வாடகைக் கார்தான் நல்லதா என்று அண்மையில் சென்றவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். தாயாரால் விரைந்து நடக்க இயலாது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.