லேசான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபட்டுத் தடைபட்டு வருவது): மெஷின் இல்லாமல் சமாளித்தவர்கள் எழுதுங்க

திருச்செங்கோட்டிலிருந்து:
லாரி ஓட்டுகிறேன். குறட்டையும், நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று எழுவதும் வீட்டில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொப்பூர் இறக்கத்தில் பட்டப்பகலில் கண் சொருகிய பிறகு பயந்துபோய்க் கோயம்புத்தூரில் தூக்கப் பரிசோதனை எடுத்தேன். தலை, நெஞ்செல்லாம் வயர் ஒட்டி, விரலில் கிளிப் மாட்டி ராத்திரி முழுக்கப் பார்க்கிறார்கள். மணிக்கு 9 தடவை மூச்சு தடைபடுகிறதாம். 5க்கு மேல் 15க்குள் என்றால் லேசானது, 30ஐத் தாண்டினால் கடுமையானது. எனக்கு மல்லாக்கப் படுத்தால்தான் அதிகம், நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது, அதனால் முதலில் ஒருக்களித்துப் படுங்க, எடையைக் குறைங்க, ராத்திரி தண்ணி போடவே கூடாது, தொண்டைத் தசை இன்னும் தளர்ந்துவிடும் என்றார் டாக்டர். பனியன் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்து போட்டிருக்கிறேன், மல்லாந்தால் உறுத்தும். குறட்டை நன்றாகவே குறைந்துவிட்டது.

கோபியிலிருந்து:
அண்ணா, நான் ஒல்லிதான், எனக்கும் வந்ததுங்க. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுமாம். தைராய்டும் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் அளவெடுத்துக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற கருவி செய்துகொண்டேன். முதலில் எச்சில் ஊறும், காலையில் தாடை வலிக்கும், அப்புறம் பழகிவிட்டது. நாளாக ஆக மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேருகிற விதம் மாறலாம் என்பதால் அவ்வப்போது போய்க் காட்ட வேண்டும். பல் அதிகம் இல்லாதவர்களுக்கு இது நிற்காது. ஆன்லைனில் ரெடிமேடாக வாங்காதீர்கள், அளவெடுத்துச் செய்ததுதான் சரியாக உட்காரும்.

பல்லடத்திலிருந்து:
எனக்கும் லேசானதுதான், ஆனால் பிரஷரும் பகல் தூக்கமும் இருந்ததால் சிபாப் மெஷினே (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி விட்டுத் தொண்டை அடைக்காமல் வைப்பது) கொடுத்தார்கள். தறிக் குடோன் தூசியில் மூக்கு எப்போதும் அடைப்பு, மாஸ்க் போட்டால் மூச்சு முட்டியது. மூக்குக்கு ஸ்பிரே அடித்து அடைப்பு விட்ட பிறகுதான் மாஸ்க்கோடு தூங்க முடிந்தது. இப்போது மதியம் தறி ஓட்டும்போது தலை சாய்வதில்லை.

திருச்செங்கோட்டு அண்ணா, ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்க. குறட்டை குறைந்தாலும் மூச்சு நிற்பது நிற்காமலே இருக்கலாம். பந்து கட்டிய பனியனோடவே இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாருங்கண்ணா. கண் சொருகுவது விடவில்லை என்றால் டாக்டர் சொல்கிற வரை ஸ்டீயரிங் பிடிக்காதீங்க, லோடு வேறு டிரைவர் கொண்டுபோகட்டும்.